ஓடிபிக்கு விளக்கம் எழுதிய வினோலியா அக்கா

எங்கள் அலுவலகத்தில் வினோலியா அக்காவோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் சண்டை போடாமல் இருந்தவர்கள் யாரும் கிடையாது. நான் மூன்று வருடமாகப் பக்கத்து நாற்காலி. என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கேனில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பாள்: ‘குழாயை மேலே தூக்கினால் நிற்காமல் ஊற்றும். கீழே அமுக்கினால் கையை எடுத்ததும் நிற்கும்.’ மாடிப்படி சுவிட்சில் இன்னொன்று: ‘இது படி லைட் இல்லை. கீழே டயர் கடை போர்டு லைட். தொடாதீர்கள், அண்ணாச்சி ஏசுகிறார்.’ கழிப்பறைக் கதவில் ஒட்டியிருப்பதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றிலும் ஒரே முறைதான். இது என்ன, எதற்கு, எப்போது கூடாது. அந்த ‘எப்போது கூடாது’ மட்டும் இல்லையென்றால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் பழக்கம் பூச்சிமருந்துக் கடையில் வந்தது. எட்டயபுரத்தில் ஒரு உரக்கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். பருத்தியில் காய்ப்புழு என்று ஓடி வருகிறவர்களிடம் கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார். டப்பாவுக்குள் மடித்துக் கிடக்கும் தாளில் பத்து மொழி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒன்றும் தெரியாது. அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி டப்பாவோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பாள். டேங்குக்கு இரண்டு மூடி. காற்று முகத்துக்கு எதிரே அடித்தால் தெளிக்காதே. மழை இருட்டிக்கொண்டு வந்தால் தெளிக்காதே, கழுவிப் போய்விடும். தன் இரண்டு ஏக்கர் பருத்திக்கு மருந்து வாங்க வந்த தேவஆசீர்வாதம் சார் அந்தச் சீட்டைப் பார்த்தார். அவர் எங்கள் கோவில்பட்டிக் கிளையின் மேலாளர். மறு மாதமே அக்காவை வேலைக்கு எடுத்துவிட்டார். எடுத்த நாளிலிருந்து அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டும் இருந்தார்.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனத்துக்குத் தலைமை பெங்களூரில். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவது மனிதர் இல்லை, செயற்கை நுண்ணறிவு. நாங்கள் அதை ஏஜென்ட் என்போம். பெண் குரல், திருத்தமான தமிழ். பேசுவதைத் தவிர அதற்குத் தானாக ஒன்றும் செய்யத் தெரியாது. செய்வதற்குக் கருவிகள் என்று சில நிரல்களைக் கொடுத்திருக்கிறோம். ஓடிபி அனுப்ப ஒரு கருவி, அதைச் சரிபார்க்க ஒரு கருவி, பெயரைப் பதிய ஒரு கருவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் ஏஜென்ட் எதை எப்போது எடுப்பது என்று முடிவு செய்யும். உள்ளே நிரல் எப்படி எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நிரல் எழுதுவது நான். விளக்கம் எழுதுவது வினோலியா அக்கா.

ஆள் இவர்தானா என்று உறுதிசெய்யும் இரண்டு கருவிகளுக்கு மட்டும் விளக்கமும் நான் எழுதியது. அக்கா வேலைக்குச் சேரும் முன்பே எழுதி முடித்துவிட்டேன். ‘ஓடிபி அனுப்பு’ என்ற கருவிக்கு, ‘பயனரை உறுதிசெய்ய ஓடிபி அனுப்பும்.’ ‘ஓடிபி சரிபார்’ என்பதற்கு, ‘பயனரை உறுதிசெய்யும்.’ அவ்வளவுதான். பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை என்பதால் அவற்றில் ஒரு எழுத்தை மாற்றவும் பெங்களூர் அனுமதி வேண்டும். அதனால் அக்காவின் கைக்கு அவை எட்டவில்லை. தங்கள் சொந்த போனிலேயே பேசுகிற டவுன் கேபிள் டிவி வாடிக்கையாளர்களை வைத்து மூன்று வருடம் அந்த ஒற்றை வரிகள் நன்றாகத்தான் ஓடின.

இந்த வருடம் ஒரு உழவர் சங்கம் எங்களிடம் வந்தது. விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக்காரர்கள். மழை பொய்த்தால் இழப்பீடு தரும் ஒரு வறட்சிக் காப்பீட்டைச் சங்கம் எடுத்திருந்தது. உறுப்பினர்கள் போனில் அழைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். போனில் மட்டும்தான். ஐப்பசி மாதம், அந்தச் சனிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை காலை அக்கா வழக்கம்போல முந்தின நாள் தோற்றுப்போன அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதுவும் அவளாக ஏற்படுத்திக்கொண்ட வேலைதான், யாரும் சொல்லவில்லை. திடீரென்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள்.

“ஏலே ஹாரூன், இதைக் கேளு. ஒரே அம்மா. அஞ்சு தடவ.”

கேட்டேன். நாகலாபுரம் தங்கமாரி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஏஜென்ட் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் கேட்டது, அந்த அம்மா சொன்னார். “தங்களது பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியுள்ளேன், சொல்லுங்கள்” என்றது.

“அது எம் மவன் போனுக்குல்லா போவும். அவன் திருப்பூர்ல கெடக்கான். இது பூங்கொடி போனு, பக்கத்து வீட்டுப் பிள்ளை. இரு தாயி, அவன்ட்ட கேட்டுட்டு வாரேன். வச்சிராத, என்ன?”

சொல்லிவிட்டு அந்த அம்மாவே வைத்துவிட்டார். வைக்காமல் என்ன செய்வார்? இருப்பது ஒரு போன். இந்த அழைப்பைத் துண்டித்தால்தான் மகனுக்குப் போட முடியும். மகனிடம் எண்ணைக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டு மூன்றாவது நிமிடமே திரும்ப அழைக்கிறார். “தாயி, நாந்தான். நம்பர் கொண்டாந்துட்டேன், எழுதிக்கோ” என்கிறார். ஏஜென்ட் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, உறுப்பினர் எண் கேட்டு, “தங்களது கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியுள்ளேன்” என்கிறது. புதிய எண் போனதும் பழைய எண் செத்துவிடும். அந்த அம்மா செத்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி, கவனமாகச் சொல்கிறார். தவறு என்கிறது. மறுபடி மகன். மறுபடி வணக்கம். ஐந்தாவது தடவை அனுப்பியதும் கணக்கு இருபத்துநாலு மணி நேரம் பூட்டிக்கொண்டது.

“இதுல எந் தப்பு ஒண்ணும் இல்லக்கா” என்றேன். உண்மையிலேயே இல்லை. நான் எழுதிய நிரலில் ஓடிபி பத்து நிமிடம் உயிரோடு இருக்கும். அழைப்பு துண்டித்தாலும் இருக்கும். கடைசியாக எப்போது அனுப்பியது என்ற நேரம்கூட உறுப்பினர் விவரத்தில் பதிந்திருக்கும். ஏஜென்ட் பேசாமல் ‘சரிபார்’ கருவியை எடுத்திருந்தால் முதல் தடவையிலேயே வேலை முடிந்திருக்கும்.

“இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அக்கா.

“நிரல்ல இருக்கே.”

“நிரல் உனக்குத் தெரியும். அதுக்கு நீ சொல்லியிருக்கது என்ன? ‘பயனரை உறுதிசெய்யும்.’ ரெண்டு டப்பாவுலயும் மருந்துன்னு எழுதி வச்சிட்டு, எடுத்தவன் மேல பழி போடுத. உன்னைய எல்லாம் கடையில வச்சிருந்தா ஊரே காலியாயிருக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

பிறகு சங்கத்துப் பட்டியலைப் பார்த்தோம். தோற்ற முப்பத்தொரு அழைப்புகளில் முக்கால்வாசி இதே கதை. இந்தப் பக்கத்துப் பெண்கள் பெயரில் எந்தப் பதிவு என்றாலும் கொடுக்கிற நம்பர் மகனுடையதுதான். சிவகாசியில் இருப்பான், திருப்பூரில் இருப்பான், சவுதியில் இருப்பான். நம்பர் என்றாலே அவன் நம்பர்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் உம்மாவின் கேஸ் சிலிண்டர் ஓடிபி இன்றைக்கும் எனக்குத்தான் வருகிறது. தெரிந்தும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அக்கா அன்று மத்தியானமே புதிய விளக்கத்தை எழுதிவிட்டாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

‘உறுப்பினரின் பதிவான கைபேசிக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பும். அனுப்பியதும் முந்தைய ஓடிபி செல்லாது. ஓடிபி பத்து நிமிடம் செல்லும், அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் செல்லும். எனவே முதலில் உறுப்பினர் விவரத்தில் கடைசியாக அனுப்பிய நேரத்தைப் பார். பத்து நிமிடம் ஆகவில்லை என்றால் இந்தக் கருவியை எடுக்காதே. எண்ணைக் கேட்டு வாங்கி “ஓடிபி சரிபார்” கருவிக்குக் கொடு. பதிவான கைபேசி அழைப்பவரின் கையில் இருக்கும் என்று எண்ணாதே. அது வேறு ஊரில் மகனிடம் இருக்கலாம், அவரிடம் கேட்க அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப வருவார். ஐந்து முறை அனுப்பினால் கணக்கு ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்.’

படித்தபோது, நான் எழுதிய கருவி என்ன செய்கிறது என்பது எனக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பெங்களூருக்கு அனுப்பினோம். சனிக்கிழமை கடைசி நாள், அவசரம் என்று சிவப்பில் போட்டு அனுப்பினோம்.

வியாழக்கிழமை பதில் வந்தது. நீளமாக இருக்கிறதாம். மற்றப் பாதுகாப்புக் கருவிகளுக்கெல்லாம் ஒரு வரிதான் இருக்கிறதாம். பார்க்க ஒரே மாதிரி இல்லையாம்.

தேவஆசீர்வாதம் சார் அக்காவைக் கூப்பிட்டார். “நீங்க எழுதுதது வேதாகம ஆராய்ச்சி மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் சுருக்குங்களேன்.”

“எந்த வரியை எடுக்கட்டும் சார்? நீங்களே சொல்லுங்க. எடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லுதேன்.”

சார் தாளை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே அவளிடம் திருப்பி நீட்டினார். “அவிய கேக்குதாவ, நான் என்ன செய்யட்டும்?” என்றார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுருக்கினாள். பொருள் போகாமல் பாதியாகக் குறைத்தாள். வியாழன் சாயங்காலம் அடுத்த கேள்வி வந்தது. பதிவான கைபேசி அழைப்பவரிடம் இல்லை என்றால் அது எப்படிப் பதிவான கைபேசி? அந்த உறுப்பினர் தன் சொந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? அந்த வாக்கியம் தொழில்நுட்பம் சார்ந்தது இல்லை, எடுத்துவிடுங்கள்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “நம்பரை மாத்த என்ன செய்யணும் ஹாரூன்?”

“பழைய நம்பருக்கு ஓடிபி போவும்க்கா.”

அக்கா சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. பிறகு உட்கார்ந்து, தங்கமாரிக்குச் சொந்த போன் இல்லை, சொந்த எண் இல்லை, இல்லாத எண்ணுக்கு மாற்ற முடியாது என்பதைப் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி முக்கால் பக்கம் எழுதி அனுப்பினாள். எனக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கவே எரிச்சலாக இருந்தது. ஒரு விளக்கத்துக்கு விளக்கம் எழுதி, அதற்கும் ஒரு விளக்கம் எழுதுவது என்ன பிழைப்பு?

வெள்ளிக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. பெங்களூரில் யாரோ வேலையை விட்டுப் போகிறார், வழியனுப்பு விழா. அக்கா நாலு முறை போன் போட்டாள். நாலாவது முறை எடுத்தவர் வாயில் கேக் இருந்தது, பேச்சிலேயே தெரிந்தது.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அக்காவுக்கும்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் நின்றோம். பத்து மணிக்குத் தங்கமாரியின் அழைப்பு ஓடுவது திரையில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பூட்டு புதனில் திறந்து, வியாழனில் முயன்று பூட்டிக்கொண்டு, வெள்ளியில் திறந்து, இப்போது மறுபடியும் வந்திருக்கிறார். ஒன்று. இரண்டு. மூன்று. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏஜென்ட் பேசும்போது நடுவில் நாங்கள் புகுந்து பேச வழி கிடையாது.

வாடிக்கையாளரைத் தனிப்பட்ட முறையில் அழைக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. அக்கா அந்த விதியை ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, ஐந்தாவது தடவைக்கு முன் நிறுத்தச் சொல்வதற்காகத் தன் கைபேசியை எடுத்துப் பூங்கொடியின் எண்ணுக்குப் போட்டாள். பிஸி. மகனோடு பேசிக்கொண்டிருக்கிறார். மறுபடி போட்டாள், பிஸி. ஏஜென்டோடு பேசிக்கொண்டிருக்கிறார். நான்காவது. ஐந்தாவது. பூட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் பூங்கொடி எடுத்தாள்.

“தங்கமாரி அத்தையா? இப்பத்தான் போனைக் குடுத்துட்டுப் போனாவ. உளுந்துக் காட்டுப் பக்கம் போயிட்டாவ. நீங்க யாரு?”

“நான்... அந்த காப்பீட்டு ஆபீஸ்ல இருந்து பேசுதேன்மா. உளுந்து எப்படி நிக்கு?”

“எங்க நிக்கு? ஒத்த மழைக்கு மொளச்சிச்சி. அதுக்கப்பறம் சொட்டு இல்ல. போன வருசமும் இப்படித்தான் போச்சி. இந்தப் பதிவைத்தான் நம்பிக் கெடந்தாவ.”

பூட்டைத் திறக்கச் சொல்லி அக்கா என்னை உலுக்கினாள். என்னால் முடியாது. பூட்டும் நிரலை எழுதியது நான், திறக்கும் அதிகாரம் பெங்களூர் பாதுகாப்புப் பிரிவிடம். கோரிக்கை போட்டேன். இரண்டு வேலை நாட்களில் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது. சங்கத்தையே கேட்போம், கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று அக்கா சங்கத்தின் எண்ணுக்கு அடித்தாள். இரண்டு மணி அடித்ததும் எடுத்தார்கள். “வணக்கம். தங்கள் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் சொல்லுங்கள்.” எடுத்தது எங்கள் ஏஜென்ட்.

அக்கா கைபேசியை மேசையில் வைத்தாள். தேவஆசீர்வாதம் சாருக்குப் போட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அவரைச் சார் என்று கூப்பிடாமல் பேசினாள். என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன். அவர் பெங்களூரில் யாரை எழுப்பினாரோ, சாயங்காலம் ஐந்தே காலுக்கு அனுமதி வந்தது. மகன் வாக்கியம் உட்பட முழு விளக்கமும். புதன்கிழமை எழுதியதே, ஒரு எழுத்தும் மாறாமல். ஐந்தரைக்கு நான் ஏற்றினேன். அந்த நாலு நாள் எதற்காக என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்தரையிலிருந்து பதிவுகள் வரத் தொடங்கின. மகனிடம் கேட்டுவிட்டு வந்த பெண்களை ஏஜென்ட், “நான் அனுப்பிய எண் கிடைத்ததா? சொல்லுங்கள்” என்று வரவேற்றது. அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பேச்சித்தாய், முத்துமாரியம்மாள், அஞ்சலின். தங்கமாரியின் கணக்கு மட்டும் ஞாயிறு காலை பத்தே கால் வரைக்கும் பூட்டு. பதிவு சனிக்கிழமையோடு சரி.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். தோல்வி முப்பத்தொன்றிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டது. சார் டீயும் வடையும் வாங்கி வைத்தார். அக்கா தொடவில்லை. தோற்ற நாலு அழைப்புகளில் தங்கமாரி இருக்கிறாரா என்று தேடினாள். இல்லை.

“அதுக்கப்பறம் அந்த அம்மா கூப்பிடவே இல்லயோ, என்னமோ” என்றாள்.

நான் வெற்றிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருபது நிமிடம், தங்கமாரி, நாகலாபுரம். ஆள் உறுதியானது, அழைப்பு வெற்றி, பச்சை நிறம். ஒரு கணம் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சங்கம் எப்படியோ ஒரு நாள் கூட்டிக் கொடுத்திருக்கிறது என்றே நினைத்தேன். ஹெட்போனில் ஒரு பக்கத்தை அக்காவிடம் கொடுத்து, ஒரு பக்கத்தை நான் வைத்துக்கொண்டேன்.

“நான் அனுப்பிய எண் கிடைத்ததா? சொல்லுங்கள்.”

“ஆமா தாயி, எம் மவன்ட்ட கேட்டுட்டுத்தான் வாரேன்.” ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி, கவனமாகச் சொன்னார்.

“நன்றி. நீங்கள் நாகலாபுரம் தங்கமாரி என்பது உறுதியாகிவிட்டது. வறட்சிக் காப்பீட்டுப் பதிவு நேற்றுடன் நிறைவடைந்தது. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?”

தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. பிறகு அந்த அம்மா, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிற மாதிரி கேட்டார்:

“சரி தாயி. நேத்து வரைக்கும் என்னைய யாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்த?”